ரேடியேட்டரில் வைத்த கை

பிள்ளைகளா,

போன மாதம் பெரியவளுக்குக் காய்ச்சல் கண்டபோது பக்கத்து வீட்டம்மாள் நல்ல மனதோடு வந்து, அவள் முதுகில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். உங்கள் அம்மா அடுப்பை விட்டுப் பாய்ந்து வந்து அந்தக் கையைத் தட்டிவிட்டாள். "இன்னாத்துக்குத் தொடறே?" என்று கத்தினாள். அந்தம்மாள் முகம் சுண்டிப்போய்த் திரும்பினார். இன்றுவரை நம்மோடு பேச்சில்லை. நீங்கள் மூன்று பேரும் என்னிடம் வந்து, அம்மா ஏன் அப்படிச் செய்தாள் என்று கேட்டீர்கள். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று நான் நழுவிவிட்டேன்.

வாயால் சொன்னால் அவள் காதில் விழும். அதனால் எழுதுகிறேன். நான் எட்டாவது வரை படித்தவன். பிழை இருந்தால் சின்னவன் திருத்தட்டும். வாத்தியாரிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டாம்.

பெரியவள் ரொட்டி வண்டியில் பிறந்தவள் என்று மற்ற இரண்டு பேரும் அவளைக் கேலி செய்கிறீர்கள். அது கேலி இல்லை, நிஜம். அவள் பிறப்பதற்கு முன்னால் நானும் உங்கள் அம்மாவும் ஒரு லாரியில்தான் குடியிருந்தோம். வாடகைக்கு எடுத்த லாரி இல்லை, சொந்த லாரி. சமையல், தூக்கம், சண்டை எல்லாம் அதற்குள்தான்.

ஜப்பான்காரனோடு நடந்த சண்டை முடிந்து பர்மா எல்லையிலிருந்து நான் ஊர் திரும்பியபோது ராயபுரத்தில் எங்களுக்கு ஒரு மூலைகூடக் கிடைக்கவில்லை. பட்டாளத்தில் லாரி ஓட்டினவன் என்று சொன்னால் வீட்டுக்காரர்கள் கதவைப் பாதிதான் திறப்பார்கள். அந்தச் சமயத்தில் பட்டாளத்து வண்டிகளைப் பழைய இரும்பு மாதிரி ஏலத்தில் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஓட்டத் தெரிந்தவர்கள் ஆளுக்கொன்று பிடித்தோம். எனக்குக் கிடைத்தது முகாம்களுக்கு ரொட்டி கொண்டுபோன வண்டி. முன்னால் லாரி, பின்னால் கதவு வைத்த பெரிய இரும்புப் பெட்டி. பெட்டிக்குள் இரண்டு பக்கமும் ரொட்டி அடுக்கும் மரப் பலகைகள். அவள் ஒரு பலகையில் படுப்பாள், நான் எதிர்ப் பலகையில். மழை பெய்தால் பலகையிலிருந்து புளித்த மாவு வாசனை கிளம்பும். பெரியவள் வயிற்றில் இருந்தபோது முதலில் அந்த வாசனைக்கு வாந்தி எடுத்தாள் உங்கள் அம்மா. அப்புறம் அதையே மூக்கை வைத்து மோந்துகொண்டு கிடப்பாள்.

எங்களைப் போலவே வண்டியில் குடியிருந்தவர்கள் ஒன்றாகச் சேர்ந்து இருந்தோம். பாதிப் பேர் பட்டாளத்தில் ஓட்டினவர்கள். அதனால், பட்டாளத்தில் வரிசையாகப் போகிற லாரிகளைச் சொல்கிற மாதிரி, எங்கள் கூட்டத்துக்கும் கான்வாய் என்றே பெயர். தண்டையார்பேட்டைக் கிடங்குகளின் பின்னால் கொஞ்ச நாள், விரட்டினால் திருவொற்றியூர் மணலில் கொஞ்ச நாள், அங்கேயும் விரட்டினால் எண்ணூர்ப் பக்கம். உப்பளத்து மூட்டை, பொன்னேரிச் சவுக்குக் கட்டை, கோயில் திருநாளுக்குப் போகிற ஜனம் என்று எது கிடைத்தாலும் ஏற்றுவோம். சாயங்காலம் எல்லா வண்டிகளும் வரிசையாக நிற்கும். பின்கதவுகளைத் திறந்து போட்டுக்கொண்டு ஒரு வண்டிக் குழம்பு இன்னொரு வண்டிச் சோற்றுக்குப் போகும். பேச்சு முழுக்க டயர், ஸ்பிரிங் பட்டை, எண்ணெய். வீட்டில் குடியிருப்பவன் என்றால் எங்களுக்கு இளப்பம். சாலையில் யாராவது சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தால், "வூட்டுக்காரன் பாரு, நாலு செவுத்துக்குள்ள வெந்துகினு கெடக்கறான்" என்று வண்டியிலிருந்தே கூவுவார்கள். நானும் கூவியிருக்கிறேன்.

எங்களில் யாருக்கும் பெயர் கிடையாது. இருந்தது, ஆனால் கூப்பிடுவதில்லை. வண்டிதான் பெயர். நான் ரொட்டி. பட்டாளத்து ஆம்புலன்ஸில் தனியாக இருந்தவர் ஆம்புலன்ஸ் மாமு. கரி போட்டு ஓட்டின பழைய பஸ்ஸில் ஏழெட்டுப் பேராக அடைந்து கிடந்த குடும்பத்துக்கு மொத்தமாகக் கரிபஸ். எங்களுக்கெல்லாம் தலைவி தண்ணி லாரி அக்கா. புருஷன் செத்தபின் அந்த லாரியைத் தானே ஓட்டினாள். உப்புக் காற்றில் நல்ல தண்ணீருக்கு நாய் படாத பாடு. அவள் தண்டையார்பேட்டை வரை போய்த் தொட்டியை நிரப்பி வந்து, வண்டிக்கு ஒரு மண்ணெண்ணெய் டின் அளந்து ஊற்றுவாள். தண்ணீர் அவள் கையில் இருந்ததால் பேச்சும் அவள் கையில் இருந்தது.

எங்கள் கான்வாய்க்கு ஒரே ஒரு சட்டம். வண்டி ஓட வேண்டும்.

அது வெறும் வீம்பு இல்லை. நாங்கள் நின்ற மணலுக்கு ஒரு சொந்தக்காரர் இருந்தார். அவருடைய ஆள் கையில் கம்போடு வருவான். வந்து போகிற வண்டிகள் என்றால் ஒரு பீடிக்கட்டு வாங்கிக்கொண்டு விட்டுவிடுவான். ஒரு வண்டி நகராமல் நின்று அதன் அடியில் புல் முளைத்தால், "குடிசை போட்டுட்டீங்களாடா?" என்று எல்லோரையும் சேர்த்து அடித்துத் துரத்துவான். ஆகையால் செத்த வண்டியைக் கான்வாய் வைத்துக்கொள்ளாது. பர்மா ரோட்டில் பின்வாங்கும்போது நின்றுபோன லாரியிலிருந்து வேண்டியதைக் கழற்றிக்கொண்டு பள்ளத்தில் உருட்டிவிட்டு வருவோமே, அதே வழக்கம்தான். கழற்றினதை எல்லோரும் பங்கு போட்டுக்கொள்வார்கள். அந்த வண்டிக்காரன் சட்டி பானையோடு நடக்க வேண்டியதுதான்.

வண்டி செத்ததா இல்லையா என்று சொல்வது அக்காவின் உள்ளங்கை. விடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் ஹேண்டில் போட்டு எஞ்சினைக் கிளப்புவோம். பெட்ரோலுக்குக் கூப்பன் இருந்த காலம், அதனால் கொஞ்ச நேரம்தான். "மூச்சு காட்டறது" என்போம். நிறுத்தினதும் அக்கா வரிசையில் முதல் வண்டியிலிருந்து கடைசி வண்டி வரை நடந்து வருவாள். ஒவ்வொரு ரேடியேட்டரிலும் கையை அகல விரித்து வைப்பாள். சூடாக இருந்தால் உயிர். குளிர்ந்திருந்தால் முதல் நாள் சிரித்துவிட்டுப் போய்விடுவாள். மறுநாளும் குளிர்ந்திருந்தால், "ஆறிப்போச்சு" என்பாள். அவ்வளவுதான். அதற்கு மேல் பேச்சில்லை.

எங்களுக்கு முன்னால் ஒரு ஜீப் குடும்பத்துக்கு அப்படி ஆனது. புருஷன், பெண்டாட்டி, இரண்டு குழந்தைகள். ஜீப்பின் மேல் தார்ப்பாய் கட்டி இருந்தார்கள். ஆறிப்போச்சு என்று அக்கா சொன்னதும் கரிபஸ் ஆட்கள் பாட்டுப் பாடிக்கொண்டே நட்டுகளைக் கழற்றினார்கள். ஒன்று மட்டும் வரவில்லை. ஆளுக்கு ஆள் தொங்கிப் பார்த்தார்கள். ஓரமாக நின்றிருந்த ஜீப்காரனே வந்து, "அது எதிர் மரை, இந்தப் பக்கம் சுத்து" என்று காட்டிக்கொடுத்தான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவனும் சிரித்தான். எங்கள் பங்குக்கு ஒரு ஹெட்லைட்டு வந்தது. உங்கள் அம்மா ரொம்ப நாள் அதன் கிண்ணத்தில்தான் குழம்புக்குப் புளி கரைத்தாள்.

அவர்கள் சாலையில் நடந்து போனபோது அந்த ஆளை எப்படிக் கூப்பிடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. ஜீப் இல்லாதபோது ஜீப்பு என்று எப்படிக் கூப்பிடுவது? யாரும் கூப்பிடவில்லை.

இனி எங்கள் கதை.

பொன்னேரியிலிருந்து சவுக்குக் கட்டை ஏற்றி வருகிற வழியில், எண்ணூருக்கு அப்பால் எங்கள் எஞ்சின் உடைந்தது. உள்ளே ஓடுகிற ராடு முறிந்து, பக்கவாட்டு இரும்பை ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது. எண்ணெயெல்லாம் சாலையில் கொட்டியது. ஒட்டுப் போடக்கூடிய காயம் இல்லை அது. பின்னால் வந்துகொண்டிருந்த ஆம்புலன்ஸ் மாமு கயிறு கட்டி இழுத்து வந்து, மற்றவர்கள் சவாரிக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து என் வண்டியை வரிசையில் நிறுத்திக் கொடுத்தார்.

"நான் வாயத் தொறக்க மாட்டேன், ரொட்டி" என்றார். "பொண்டாட்டி வவுத்துல புள்ளயோட கீறா. நீ தகிரியமா இரு."

அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

உங்கள் அம்மாவுக்கு அப்போது நிறைமாதம். அவளை எங்கே கூட்டிக்கொண்டு நடப்பது? தண்டையார்பேட்டையில் ஒரு பழைய இரும்புக் கிடங்கில் இதே மாதிரி எஞ்சின் ஒன்று கிடந்தது. கிடங்குக்காரர், அமாவாசை வரை இரும்பு சுமந்தால் தருகிறேன் என்றார். ஆக, குழந்தை பிறந்து அந்த எஞ்சினும் கைக்கு வரும்வரை எங்கள் வண்டி உயிரோடு இருக்கிறது என்று அக்காவின் கை நம்ப வேண்டும். எங்களுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

யோசனை சொன்னவள் உங்கள் அம்மா.

"அவ கையி எஞ்சினையா பாக்குது? தண்ணியத்தானே பாக்குது? தண்ணியச் சுட வெச்சு ஊத்திட்டுப் போறது" என்றாள்.

உடைந்த எஞ்சின் வழியாகத் தண்ணீர் ஒழுகிவிடாமல் ரேடியேட்டரின் கீழ்க்குழாயில் சாக்குத் துணியைத் திணித்து அடைத்தேன். விடிவதற்குள் அவள் பெட்டிக்குள்ளேயே அடுப்பு மூட்டி டின்னில் தண்ணீர் காய்ச்சுவாள். மற்ற எஞ்சின்கள் எல்லாம் ஒரே சமயத்தில் கத்தும். கரிபஸ் ஒன்று போதும், காது அடைத்துப்போகும். அந்தச் சத்தத்தில் ஒரு வண்டி கத்தவில்லை என்பது யாருக்கும் தெரியாது. நான் வெறும் ஹேண்டிலைச் சுற்றுகிற மாதிரி சுற்றிவிட்டு, கொதிக்கிற தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றி மூடியைத் திருகுவேன். அக்கா வந்து கையை வைப்பாள்.

"இன்னா ரொட்டி, வண்டி ஜம்முனு கீதே! ஆனா சவாரிக்குப் போறதில்லியே?"

"கூப்பன் கெடைக்கலக்கா. அதான் கெடங்குல கூலிக்குப் போறேன்."

"அக்காங். இந்தச் சூட்டுல ஒரு வடை சுட்டுத் துன்னலாம் போல கீது" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போவாள். பின்னாலேயே வருகிற கரிபஸ் ஆட்கள் சிரிப்பார்கள். நாங்களும் சேர்ந்து சிரிப்போம்.

ஆனால் அளந்து கொடுக்கிற ஒரு டின் தண்ணீரில் பெரும்பகுதி ரேடியேட்டருக்குப் போனால் குடிக்க என்ன இருக்கும்? உங்கள் அம்மாவின் உதடு வெடித்தது. வாயைத் திறந்தால் ரத்தம் கசியும். இரண்டு மூன்று நாள் பார்த்துவிட்டு நான் கடல் தண்ணீரை மொண்டு வந்தேன். செத்த எஞ்சினுக்கு நல்ல தண்ணீர் எதற்கு? அதுதான் நாங்கள் செய்த பிசகு. ரேடியேட்டர் பழசு. இணைப்புகளில் லேசாக ஊறும். நல்ல தண்ணீர் ஊறினால் காய்ந்து போகும். கடல் தண்ணீர் காய்ந்தால் வெள்ளையாகப் பூத்து நிற்கும். உங்கள் அம்மா தினமும் ஊற்றி முடித்ததும் முந்தானையால் துடைத்துவிடுவாள். குனிய முடியாது, வயிறு இடிக்கும். ஒரு கையால் பானெட்டைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் சாய்ந்து துடைப்பாள்.

ஒரு நாள் அடியில் ஓரிடம் விட்டுப்போயிற்று. அக்கா கையை வைத்தாள். எடுத்தாள். அந்த வெள்ளையை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தாள்.

"கடக்கரையில இன்னாத்தத் தொட்டாலும் உப்புதான்" என்றாள். சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

தப்பித்தோம் என்று நினைத்தோம். அன்றைக்கு உங்கள் அம்மா தலைக்கு எண்ணெய்கூட வைத்துக்கொண்டாள்.

அமாவாசைக்குச் சில நாள் இருக்கும்போது மழை பிடித்தது. வெளியே அடுக்கி வைத்திருந்த சுள்ளி எல்லாம் ஊறிப்போயிற்று. பெட்டி முழுக்கப் புகை, தண்ணீர் மட்டும் சூடேறவில்லை. பல் விளக்குகிற சூட்டில்தான் ஊற்ற முடிந்தது. அந்தச் சூட்டையும் இரும்பு குடித்துவிட்டது.

அக்கா கையை வைத்தாள். இந்த முறை எடுக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்.

"ஆறிக் கீதே, ரொட்டி."

"மழைக்கா. ராத்திரி பூரா நனஞ்சுது."

"மழ என் வண்டிக்குந்தானே பேஞ்சுது? வா, வந்து தொட்டுப் பாரு, எப்பிடிக் கொதிக்குது." ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "சரி, நாளைக்குப் பாக்கலாம்."

மறுநாள் விடியும் முன்பே உங்கள் அம்மாவுக்கு இடுப்பு வலி கண்டுவிட்டது. நான் மணலில் ஓடி மீனவர் குப்பத்திலிருந்து மருத்துவச்சியைக் கூட்டி வந்தேன். கெட்டியான அம்மாள். வண்டிக்குள் ஏறியதும் பலகைகளைப் பார்த்து, "இன்னா நைனா, கோழிப் பொட்டி மாரி கீது. இதுலயா பெத்துக்கப் போறா?" என்று கேட்டாள். உங்கள் அம்மாவைக் கீழ்ப் பலகையில் படுக்க வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "சுடுதண்ணி" என்றாள். "நல்ல தண்ணி. நெறைய."

அடுப்புக்கு என்னிடம் காய்ந்த விறகு கொஞ்சம்தான் இருந்தது, பலகைக்கு அடியில் ஒளித்து வைத்தது. ஒரு டின் தண்ணீரைத்தான் அதில் கொதிக்க வைக்க முடியும். நல்ல தண்ணீரை வைத்தேன். கொதித்தது. அதே நேரத்தில் வெளியே எஞ்சின்கள் கத்த ஆரம்பித்தன. ஒவ்வொன்றாக அடங்கின. வரிசையின் அந்தக் கோடியில் அக்காவின் குரல் கேட்டது.

பலகையில் கிடந்தவளுக்கும் அது கேட்டது.

"இந்தாய்யா, அத்தத் தூக்கினு போய் ஊத்து" என்றாள்.

"பேசாம இரு."

"ஊத்துய்யா! ரெண்டாவது நாளு! எனக்குத் தண்ணி வாணாம். வண்டி போச்சுன்னா இத்த எங்கய்யா வெச்சு வளக்கறது? ஊத்து!"

மருத்துவச்சி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் டின்னைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு முன்பக்கம் போனேன். மூடியைத் திறந்தேன். அக்கா மூன்றாவது வண்டிக்கு வந்துவிட்டாள். டின்னைச் சாய்க்கப் போனேன். அதுவரை உள்ளிருந்து, "ஊத்து, ஊத்து" என்று வந்துகொண்டிருந்த சத்தம் சட்டென்று நின்றுபோயிற்று. அழுகையும் இல்லை, முனகலும் இல்லை. டின்னைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் ஓடி மருத்துவச்சியிடம் கொடுத்துவிட்டேன்.

உங்கள் அம்மா மயங்கித்தான் போயிருந்தாள். மருத்துவச்சி முகத்தில் தண்ணீரைத் தெளித்ததும் கண்ணைத் திறந்து, "ஊத்தினியா?" என்று கேட்டாள்.

"ஊத்திட்டேன்" என்றேன்.

அக்கா வந்தாள். கையை வைத்தாள்.

"ஆறிப்போச்சு" என்றாள்.

திரும்பிப் பார்த்தேன். கரிபஸ் ஆட்கள், ஆம்புலன்ஸ் மாமு, இன்னும் சில பேர் அவள் பின்னால் நின்றார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஸ்பேனர் இருந்தது. ஒருவன் ஜாக்கி கொண்டுவந்திருந்தான். ஆறிப்போச்சு என்று அவள் அப்போதுதான் சொன்னாள். ஸ்பேனர்கள் அதற்கு முன்பே வந்துவிட்டிருந்தன.

"அக்கா, உள்ள பிரசவம் ஆய்க்கினு கீது" என்றேன்.

"ஆவட்டும். புள்ள பொறக்கறதுக்கு டயரு இன்னாத்துக்கு?"

கரிபஸ் பெரியவன் சிரித்தான். "டயர்லயா படுத்துக்கினு பெத்துக்கறா?"

"ஒரு நாளு பொறுத்துக்கக்கா. ஒரே நாளு. உன் கால்ல வுயறேன்."

"நான் உப்ப நக்குன அன்னிக்கே பொறுத்துக்கினேன், நைனா. மழயும் வந்துச்சு, அதுக்கும் பொறுத்தேன். இன்னிக்கோ நாளைக்கோ கம்புக்காரன் வருவான். உன் ஒருத்தனால அத்தினி பேரும் அடி வாங்கணுமா?" அவள் குரலில் கோபமே இல்லை. தண்ணீர் அளந்து ஊற்றும்போது பேசுகிற அதே குரல்.

நான் முன்சக்கரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆம்புலன்ஸ் மாமு வந்து பக்கத்தில் குந்தினார்.

"எய்ந்துருப்பா. முன்சக்கரம் ரெண்டும் என் பங்கு."

"நீ யாருக்கும் சொல்ல மாட்டேன்னியே!"

"சொன்னேனா? ஒருத்தன்கிட்டயும் வாயத் தொறக்கல. அதுக்குத்தான் முன்சக்கரம்." அவர் நிஜமாகவே மனம் வருந்தித்தான் பேசினார். "ரெண்டும் புது டயரு. வேற எவனாச்சும் எடுத்தா உனக்கு வவுறு எரியாதா? நம்ப தோஸ்து எடுத்தான்னா ஒரு ஆறுதல்."

இரண்டு பேர் என் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி ஓரமாக உட்கார வைத்தார்கள். ஜாக்கி ஏறியது. பின்பக்கம் உயர்ந்தது. வண்டிக்குள் சட்டி உருண்டது. மருத்துவச்சி கதவு வழியாகத் தலையை நீட்டிக் கத்தினாள்.

"டேய், இன்னாடா பண்றீங்க? வண்டி ஆடுதுடா! புள்ள தல வந்துடுச்சுடா!"

"மெதுவா எறக்கறோம்மே. நீ கெட்டியாப் பிடிச்சிக்கோ" என்றான் ஒருவன். இன்னொருவன், "தல எங்க போயிடப் போவுது, வெளியதானே வரணும்?" என்றான். சிரிப்பு.

அவர்கள் மெதுவாகத்தான் இறக்கினார்கள். அதைச் சொல்லியாக வேண்டும். உப்பளத்துச் சிதைந்த மதகிலிருந்து செங்கல் எடுத்து வந்து சக்கரம் இருந்த இடத்தில் அடுக்கினார்கள். ஒரு மூலையில் அடுக்கு குறைந்துபோனதால் வண்டி முன்பக்கம் சாய்ந்து நின்றது. உங்கள் அம்மா பலகையில் சறுக்கிவிடாமல் மேல் பலகையின் ஓரத்தை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டிருந்தாள் என்று மருத்துவச்சி அப்புறம் சொன்னாள். அந்தச் சரிவிலேயே நீ பிறந்தாய், பெரியவளே. கடைசி நட்டைக் கழற்றும்போது உன் அழுகை கேட்டது. கழற்றினவன் கையை நிறுத்தவில்லை.

அழுகை கேட்டதும் அக்கா பின்கதவு வழியாக ஏறினாள். நான் பின்னாலேயே ஓடினேன். மருத்துவச்சி உன்னைச் சுடுதண்ணீரில் கழுவித் துணியில் குப்புறப் போட்டிருந்தாள். அக்கா குனிந்தாள். உன் முதுகில் கையை அகல விரித்து வைத்தாள். ரேடியேட்டரில் வைத்த அதே கை. எண்ணெய்க் கறைகூட அப்படியே இருந்தது. கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்.

"சூடாக் கீது" என்றாள். "இது ஓடும்."

குழந்தையைக் கொஞ்சுகிறோம் என்றுதான் அக்கா நினைத்திருப்பாள், பாவம். உங்கள் அம்மாவின் கண் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. இறங்குகிற வழியில் அக்கா ஆணியில் மாட்டியிருந்த ஹெட்லைட்டுக் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டாள். "இது ஜீப்புக்காரனோடது, கான்வாய்ப் பங்கு" என்றாள்.

வெயில் ஏறுவதற்குள் கான்வாய் கிளம்பிவிட்டது. சக்கரம் இல்லாத வண்டிக்குப் பக்கத்தில் நின்றால் கம்புக்காரனிடம் அவர்களும் மாட்டிக்கொள்வார்களே. தண்ணீர் அளக்கிற நேரத்தில் நான் டின்னை எடுத்துக்கொண்டு அக்காவின் வண்டிக்குப் போய் நின்றேன்.

"நின்ன வண்டிக்குத் தண்ணி இல்ல" என்றாள். வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவனைப் பார்த்து, "இந்தாப்பா, நீ வா" என்று கூப்பிட்டாள். என்னை ரொட்டி என்று அவள் கூப்பிடவில்லை.

ஆம்புலன்ஸ் மாமு மட்டும் போகும்போது ஹாரன் அடித்துக் கையை ஆட்டினார்.

உச்சிவெயிலில் நிலத்துக்காரரின் ஆள் வந்தான். கம்பால் இரும்புப் பெட்டியைத் தட்டினான். உள்ளே நீ வீறிட்டாய்.

"எட்றா வண்டிய."

"சக்கரம் இல்லீங்க."

குனிந்து செங்கலைப் பார்த்தான். "அப்ப இது வூடா?"

முழங்காலில் ஒரு அடி கொடுத்துவிட்டு, இரண்டு நாளில் இடம் காலியாக வேண்டும் என்று சொல்லிப் போனான். அதன்படியே ஆயிற்று. கிடங்குக்காரர் மாட்டுவண்டி வைத்துப் பெட்டியைப் பழைய இரும்பாக ஏற்றிக்கொண்டு போனார். எஞ்சினை என்ன செய்வது என்று கேட்டார். சிரித்துவிட்டு வந்தேன். காலடிப்பேட்டையில் ஒரு சுவரோரம் கிடைத்தது. அதிலிருந்துதான் இந்த வீடு. உங்களுக்குத் தெரிந்த கதை அங்கே தொடங்குகிறது.

ஆனால் அந்த முதல் நாளைச் சொல்லி முடிக்கவில்லை. மருத்துவச்சி தண்ணீர் கொண்டு வருகிறேன் என்று குப்பத்துக்குப் போயிருந்தாள். உங்கள் அம்மா தாகத்தில் தவித்தாள். டின்னில் ஒரு சொட்டு இல்லை. நான் புத்தி கலங்கிப்போய் இருந்தேன். முன்பக்கம் போய், ரேடியேட்டரின் கீழ்க்குழாயில் அடைத்திருந்த சாக்கைப் பிடுங்கி, முந்தின நாள் ஊற்றின தண்ணீரைக் குவளையில் பிடித்துக் கொண்டுவந்து அவள் வாயில் வைத்தேன். ஒரு வாய் இழுத்துவிட்டுத் துப்பினாள்.

"உப்பு" என்றாள். பிறகு, "இது நேத்து ஊத்துன தண்ணி. நீ காலையில ஊத்தல" என்றாள்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஏன் ஊற்றவில்லை என்று அவள் இன்றுவரை கேட்டதில்லை.

வெயில் சாய்ந்தபின் மருத்துவச்சி பானையில் நல்ல தண்ணீர் கொண்டுவந்தாள். அதைக் குடித்து முடித்த பிறகுதான் உங்கள் அம்மா உன் பக்கம் திரும்பினாள். உடம்பு சூடு எப்படி இருக்கிறது என்று பார்க்கச் சொன்னாள் மருத்துவச்சி. உங்கள் அம்மா கையை உன் முதுகருகே கொண்டுபோனாள். தொடுவதற்கு முன் இழுத்துக்கொண்டாள். பிறகு குனிந்து தன் கன்னத்தை உன் முதுகில் வைத்துப் பார்த்தாள்.

நீங்களே கவனித்திருப்பீர்கள். உங்களில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் அவள் கன்னத்தைத்தான் வைத்துப் பார்க்கிறாள், கையை வைப்பதில்லை. பக்கத்து வீட்டம்மாளிடம் நான் போய் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் யாரும் இதைப் பற்றி அம்மாவிடம் பேச வேண்டாம்.